போடாத மூன்றாவது ஊசி

லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்குக் கண் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். காது மங்கக் கூடாது. அவனுக்கு மங்கவில்லை. கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் நின்றபடியே, கீழே எந்த மாடிக் கதவின் உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் 'பாம்புக்காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காதால் வீட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, ஒரு வேலை சொல்ல மூன்று தரம் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பாள் அவன் மனைவி.

அப்படிப்பட்ட காது என்பதால்தான், அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக்குள் கேட்ட சத்தத்தை அவனால் பிரமை என்று தள்ளிவிட முடியவில்லை.

அன்று வேலை சீக்கிரம் முடிந்திருந்தது. இரண்டு மணிக்கே வந்துவிட்டான். குழந்தை தூங்கும் நேரமாயிற்றே என்று சாவி திருகும் சத்தம்கூட எழாமல் கதவைத் திறந்து, செருப்பை வெளியிலேயே விட்டு, உள்ளே வந்தான். கூடத்தில் கம்பி வைத்த சின்னக் கட்டிலில் ஐந்து மாதப் பையன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். குளிர் வராமல் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அந்த நிசப்தத்தில் ஒரு மூச்சு கேட்டது.

பையனின் மூச்சு அல்ல. அவன் நெஞ்சு லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மூச்சுக்குச் சத்தமே இல்லை. இது வேறு. உள்ளே இழுக்கும்போது ஒரு கரகரப்பு, வெளியே விடும்போது மெல்லிய விசில், இரண்டுக்கும் நடுவே எதிலோ தட்டி நிற்பதுபோல ஒரு திணறல். வேகமாக, விடாமல், ஓடி வந்த நாய்க்குட்டிபோல.

அவனுக்கு அந்த மூச்சைத் தெரியும். அது அவனுடைய மகளின் மூச்சு. மகள் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

கையிலிருந்த கருவிப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். சத்தம் நடுவில் அறுத்ததுபோல் நின்றது. கொஞ்ச நேரத்தில் குளியலறைக் கதவு திறந்து, முகத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டே மனைவி வந்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான்."

"ஏன் இப்படி நிக்கறீங்க? பேயப் பாத்த மாதிரி."

"ஒண்ணுமில்ல. படி ஏறி வந்தது," என்றான்.

படி ஏறி வந்தது உண்மைதான். நாளெல்லாம் ஊராருக்கு லிஃப்ட் ஓட வைக்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்கு மாடியும் நடைதான்.

மகளை அவர்கள் வீட்டில் மிளகு என்று கூப்பிட்டார்கள். உருண்டையாக, கறுப்பாக, தொட்டால் காரமாக இருப்பாள். பதினோரு மாதம் இருந்தாள். ஒரு குளிர்காலத்தில் சளி பிடித்தது. சளி நெஞ்சுக்குள் இறங்கி, நூல் மாதிரி இருக்கும் மூச்சுக்குழல்களை எல்லாம் அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பிறந்தவன்தான் இந்தப் பையன். ஏழு வாரம் முன்னதாகவே வந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று, "மிளகுக்கு அடுத்தது கடுகுதானே," என்று இவன் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். மகள் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அந்தப் பெயர் நிலைத்தது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு நுரையீரல் பலம் போதாது, குளிர்காலம் முடியும்வரை மாதத்துக்கு ஒன்றாக ஐந்து ஊசி போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எந்த நோய் மிளகைக் கொண்டுபோனதோ, அதே நோயைத் தடுக்கிற ஊசி. முழு மாதத்தில் கொழுகொழுவென்று பிறந்த மிளகுக்கு இப்படி ஒன்று போடலாம் என்று யாரும் வாயைத் திறந்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் மனைவி ஐந்து தேதிகளையும் குறித்து வாங்கி, சமையலறைச் சுவரில் கண்ணுக்கு நேராக ஒட்டி வைத்துவிட்டாள்.

முதல் ஊசிக்குத் தொடையில் பட்டாணி அளவு சிவந்தது. ஒரு நாள் லேசான சூடு. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, காய்ச்சல் உண்டா, வீக்கம் உண்டா, உடம்பில் தடிப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்பாள். 'மூணாம் நாள் அக்கா' என்று இவர்கள் அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். முதல் தடவை அவளிடம் மனைவி எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். சிவப்பு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு மறைந்தது என்றுகூடச் சொன்னாள். அந்த அக்காவே போதும் போதும் என்று சொல்லியிருப்பாள்.

இரண்டாவது ஊசிக்கு அவன் போகவில்லை, வேலை இருந்தது. மூன்றாம் நாள் போன் வந்தபோது பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இல்லங்க... இல்ல... இல்லங்க, நல்லா இருக்கான்... இல்ல." கேள்வி முடியும் முன்பே பதில் போய்க்கொண்டிருந்தது. அவன் காதில் அது விழுந்தது; மனதில் விழவில்லை. பரவாயில்லை, இந்தத் தடவை சுலபமாகக் கழிந்தது என்று இன்னொரு வாய் சாப்பிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்த மூச்சு இன்னும் இரண்டு முறை கேட்டது. ஒருமுறை காலையில், அவன் சட்டை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது. இன்னொருமுறை விடுமுறை நாள் மத்தியானம், பாதித் தூக்கத்தில். எழுந்து உட்கார்வதற்குள் நின்றுவிட்டது. மனைவியிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தான். வீட்டுக்குப் போகவே தயங்கினான். மற்றவர்களுடைய வேலையைக்கூடத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒருநாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றபோது, மேலே கம்பிவடம் ஓடுகிற சத்தத்துக்குள்ளும் அந்த விசில் இருப்பதுபோல் பட்டது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். காது போய்விட்டதென்றால் பிழைப்பு போய்விட்டது. போகவில்லை என்றால் அது அதைவிட மோசம்.

மூன்றாவது ஊசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது, வேலை முடிந்து படியேறி வந்தவனைக் இரண்டாம் மாடித் தையல்காரம்மா நிறுத்தினாள். வாயில் குண்டூசி இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, பையனுக்கு இப்ப பரவாயில்லையா?"

"அவனுக்கு என்னக்கா?"

"அதான், அன்னைக்கு ஊசி போட்டு வந்த அன்னைக்கு. உதடெல்லாம் வீங்கி, வயித்துலயும் தொடையிலயும் பட்டை பட்டையா தடிச்சுப் போச்சே. உங்க வீட்டம்மா ஐஸ் கட்டி கேட்டு ஓடி வந்துச்சு. வா, கூட வரேன், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம்னேன். இல்லக்கா, கொசு கடிச்சிருக்கும்னுச்சு. கொசுவாம். இந்தக் குளிர்ல."

அவன் கருவிப் பையைக் கை மாற்றிக்கொண்டான்.

"ஆமாக்கா. இப்ப நல்லா இருக்கான்," என்றான். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே ஆச்சரியம்.

மீதி இரண்டு மாடியையும் இரண்டிரண்டு படியாக ஏறினான். மனைவி கூடத்தில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முழுக்கைச் சட்டைகள், காலை மூடுகிற கால்சட்டைகள். கடுகு பக்கத்தில் பாயில் கவிழ்ந்து, தலையைத் தூக்கத் தெரிந்துவிட்ட பெருமையில் அப்பனைப் பார்த்தான்.

"ஊசி போட்ட அன்னைக்கு இவனுக்கு என்னாச்சு?"

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? என்னாச்சு?"

"ஒரு மணிக்கு ஆரம்பிச்சுது. முதல்ல தொடை, அப்புறம் வயிறு, அப்புறம் உதடு. மூணே காலுக்கு அடங்கிருச்சு. மூச்சுல ஒரு மாத்தமும் இல்ல. எண்ணிட்டேதான் இருந்தேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"போன் பண்ணிக் கேட்டிருப்பேன்."

"அதான் சொல்லல. கேட்டா ஊசிய நிறுத்திருவாங்க. அந்தப் பேப்பர்லயே போட்டிருக்கு, நான் படிச்சேன். இந்த மாதிரி வந்தா மறுபடியும் போடக் கூடாதாம்."

"படிச்சுட்டுமா மறைச்ச? அடுத்த தடவ இதவிடப் பெருசா வந்தா?"

"வந்தா அங்கதான இருப்போம். டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு. அரை மணி நேரம் உக்கார வெக்கறாங்கல்ல."

"போன தடவையும் அரை மணி நேரம் உக்காந்துட்டுதான வந்த? வீட்டுக்கு வந்தப்புறம்தான வீங்குச்சு?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள். "தடிப்ப ஐஸ் வெச்சு அடக்கிரலாம். அந்த நோவ எத வெச்சு அடக்கறது?"

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. பல நாள் பயமும் அதில் கலந்திருந்தது. "இவ்வளவு நடந்திருக்கு, கேட்டவங்ககிட்ட என்ன தைரியத்துல ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்ன?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். எழுந்து போய்ப் பீரோவின் கீழ் அறையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துவந்தாள். ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்ட போன். தூக்கிப் போட்டாயிற்று என்று அவன் நினைத்திருந்தான். அது முழுதாகச் சார்ஜ் ஏற்றப்பட்டிருந்தது.

"இதக் கேளுங்க," என்றாள்.

முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. குளியலறைக்குள்ளிருந்து வந்தது இதுதான். வீட்டில் எதுவும் நடமாடவில்லை, தன் காதும் பழுதாகவில்லை என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவனுக்கு நெஞ்சு லேசாயிற்று. கரகரப்பு, விசில், திணறல். மிளகு மூச்சுக்குப் போராடிக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த மூச்சுக்கு மேலே ஓர் ஆண் குரல் கேட்டது. கொட்டாவி கலந்த, அலட்சியமான, அன்பான குரல்.

"சளிதான். ஒண்ணுமில்ல, விடு. காலைல பாத்துக்கலாம்."

பதிவு முடிந்தது. நாற்பத்தொரு வினாடி.

அவன் பாயில் உட்கார்ந்துவிட்டான். இப்போது எல்லாம் வரிசையாக வந்தது. விளக்குப் போடுகிற நேரம். டாக்டருக்கு அனுப்பலாம் என்று அவள் போனைக் குழந்தையின் மார்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். இவன் வேலையிலிருந்து வந்து களைத்துப்போய்ச் சாய்ந்து கிடந்தான். இவன் சொன்னதும் அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது மறுநாள் காலை ஒன்பது மணி.

"என் பேச்சும் இதுல பதிவாயிருக்குன்னு எனக்குத் தெரியாது," என்றான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியும்." அவள் போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "உங்களக் குத்திக் காட்ட இத வெச்சுக்கல. இத்தன நாளும் உங்க குரல் வர்றதுக்குள்ள நிறுத்திருவேன். இவன் மூச்ச அவ மூச்சோட ஒத்துப் பாக்கறேன். காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ. அந்தச் சத்தம் எனக்கு மறந்துபோச்சுன்னா, இவனுக்கு வரும்போது எப்படித் தெரியும்?"

மூன்று வருடம். மூன்று வருடத்தில் எத்தனை சண்டை வந்திருக்கும். எண்ணெய் சிந்தியதற்கு, மின்விசிறியை அணைக்காததற்கு, அவன் தங்கை கல்யாணத்துக்குப் போகாததற்கு. ஒருமுறைகூட இந்த வார்த்தையை அவள் எடுத்ததில்லை. அவள் எடுத்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அதன்பிறகு அவள் குளியலறைக்குப் போகவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டதால், கூடத்திலேயே கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, பையன் மார்பில் ஒரு காதை வைத்து, போனை இன்னொரு காதருகே பிடித்துக்கொள்வாள். அவன் வீட்டிலிருக்கும் நேரங்களில் அவனும் கேட்டான். மகளின் மூச்சைக் கேட்டான், பிறகு தன் குரலைக் கேட்டான். அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிவிடேன் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

ஒன்பது நாளும் அவன் மனம் லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. தான் வாயைத் திறந்து ஊசி நின்றுபோய், அந்த நோய் வந்துவிட்டால், இரண்டாவது பிள்ளையும் தன் வாயாலேயே போனதாகும். வாயை மூடிக்கொண்டிருந்து, ஊசியே ஆளை முடித்துவிட்டால்? அதுவும் தன் வாய்தான். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு புத்தகத்தில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆயிரம் தடவை எழுதிய வரி. அந்த வாரம் அதை எழுதிவிட்டு மறுபடி மேலே ஏறிப் போய் பிரேக்கை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். காவலாளி சிரித்தார்.

மூன்றாவது ஊசிக்கு அவன் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனான். வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஊசி அறை சின்னது. சுவரில் யானையும் பலூனும் ஒட்டியிருந்தார்கள். யானையின் தும்பிக்கை உரிந்து தொங்கியது. ஒரு மேசை, ஒரு சின்னக் குளிர்பெட்டி, தள்ளுவண்டியில் பஞ்சும் ஊசிகளும். கடுகு அவன் மடியில் இருந்தான். நர்ஸ் நடுவயதுக்காரி, கை சூடாக இருப்பதற்காக உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே, பையனின் கால்சட்டையை இறக்கினாள். "அடேயப்பா, தொடை உருண்டாச்சே," என்றாள். பிறகு பேப்பரைப் பார்த்துக் கேட்டாள்.

"போன தடவ போட்டதுக்கு ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்," என்றாள் மனைவி.

அந்தச் சொல் அவனுக்கு அவள் குரலில் கேட்கவில்லை. கொட்டாவி கலந்த அந்த இன்னொரு குரலில் கேட்டது. நர்ஸ் பஞ்சை நனைத்துத் தொடையைத் துடைத்தாள். குளிர்ச்சிக்குக் கடுகு காலை உதறினான்.

"இருந்துச்சு," என்றான் அவன்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை அப்படியே நின்றது.

"உடம்பெல்லாம் தடிச்சுது. உதடு வீங்குச்சு. ஊசி போட்டு ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல. சாயங்காலத்துக்குள்ள தானா அடங்கிருச்சு." சொல்லும்போது மனைவியைப் பார்க்க முடியவில்லை. தும்பிக்கை தொங்கிய யானையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்து, மூடி, டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டரம்மா மெதுவாகப் பேசுகிறவர். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் முதலில், வாந்தி உண்டா, மூச்சில் இழுப்பு உண்டா என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை, அங்கே இருந்தவள் அவள். அவள் தரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், நிமிடக் கணக்கோடு. டாக்டரம்மா எழுதி முடித்துப் பேனாவை வைத்தார்.

"இந்த மாதிரி ஆகறது ரொம்ப அபூர்வம். ஆயிரக்கணக்கான குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா ஒருதடவ இப்படி ஆன குழந்தைக்கு மறுபடியும் போட மாட்டோம். அடுத்தது இவ்வளவோட நிக்கும்னு உறுதி இல்ல."

"அப்ப இவனுக்கு யாரு காவல்?" என்றாள் மனைவி.

"நீங்கதான்." அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், வெளியே போய்வந்தவர்கள் கை கழுவாமல் தொடக் கூடாது, சளி உள்ளவர்களைக் கிட்டவே விடாதீர்கள் என்று சொன்னார். "நிமிஷத்துக்கு அறுபதத் தாண்டி மூச்சு வாங்கினாலோ, விலாக் குழி விழுந்தாலோ, பால் குடிக்கலன்னாலோ, யாரையும் கேக்க வேணாம். தூக்கிட்டு வந்துருங்க." கொஞ்சம் நிறுத்தி, "மறைச்சதுல நீங்க முதல் ஆள் இல்லம்மா. பயந்து ஊசியே வேணாம்னு ஓடறவங்க உண்டு. ஊசி கிடைக்காம போயிருமோன்னு பயப்படறவங்களும் உண்டு. ரெண்டு பேரையும் நாங்க திட்டறதில்ல," என்றார்.

இந்த ஊசி மறுபடி போடக் கூடாது என்று குழந்தையின் அட்டையில் நர்ஸ் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தேதிகளைக் கிழிக்கவில்லை. அவனிடம் பேசவும் இல்லை. சாப்பாடு எடுத்துவைப்பாள், உப்பு வேண்டுமா என்று கேட்க மாட்டாள். பையனிடம் பேசுகிற சாக்கில் அவனுக்குச் சேதி வரும்: "கடுகு, உங்கப்பா கை கழுவிட்டாரான்னு கேளு." அவன் கதவுக்கு வெளியிலேயே சட்டையைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தான். லிஃப்டுக்குள் யாராவது இருமினால் அடுத்த மாடியில் இறங்கி நடந்தான். நன்றாயிருக்கிற லிஃப்டை விட்டு லிஃப்ட்காரன் படியில் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு, குடியிருப்போர் இரண்டு பேர் கம்பெனிக்கே புகார் செய்தார்கள்.

கூடத்தில் காலை ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பதிவு ஓடியது. அவன் தனியாக இருக்கிற இடங்களிலும் ஓடியது. மோட்டார் அறையில், பஸ்ஸில், பல் துலக்கும்போது. சில சமயம் மூச்சு மட்டும். சில சமயம் குரல் மட்டும்.

குளிர்காலம் முடிய மூன்று வாரம் இருந்தபோது கடுகுக்கு மூக்கு ஒழுகியது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவன் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், திறந்த கதவின் முன்னால் படுத்துக்கொண்டு உருளை மாற்றிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. பல நாளுக்குப் பிறகு அவள் நேராக அவனிடம் பேசினாள்.

"அறுபத்தெட்டு. விலா குழி விழுது. நான் கிளம்பிட்டேன். ஆட்டோவுல இருக்கேன், நேரா அங்க வந்துருங்க."

அவன் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு மூக்கில் மெல்லிய குழாய் வைத்து ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது. பரிசோதனையில் அதே நோய்தான். அவள் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள், ஒரு காலில் செருப்பு இல்லாமல். எங்கே விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் தன் செருப்பைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினான். அவள் போட்டுக்கொண்டாள்.

ஐந்து நாள். முதல் இரண்டு நாள் மோசம். மூச்சு எழுபத்திரண்டு வரை போனது. இரண்டாம் நாள், அந்த இரண்டாம் நாள்தான், இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். மிளகுக்கு எல்லாம் முடிந்த நேரம் மதியம் மூன்றரை. மூன்றே கால் ஆனதும் அவள் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. நர்ஸ் வந்து, "அறுபத்து நாலு, கொஞ்சம் இறங்கியிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் கடுகு குழாயைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். நாலாம் நாள் பால் கேட்டு அழுதான். அந்த அழுகைக்கு வார்டே திரும்பிப் பார்த்தது.

கிளம்புகிற அன்று அவன் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

"மூணாவது ஊசி போட்டிருந்தா இது வந்திருக்காதா?"

"வராமலே இருந்திருக்கலாம்."

"அப்ப நான் அன்னைக்குச் சொன்னது..."

"ஊசியே ஆபத்தா முடிஞ்சும் இருக்கலாம். போட்ட ரெண்டு ஊசிதான் இந்த அளவோட நிறுத்துச்சோ என்னமோ, அதுவும் எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் செஞ்சு பாத்துத் தெரிஞ்சுக்க ஒரு குழந்தை பத்தாதுங்க." அவர் அவன் தோளைத் தட்டவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவன் திரும்பி வந்தபோது மனைவி பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கும் போலிருந்தது.

"அன்னைக்கு நீங்க வாய மூடிட்டு இருந்திருந்தீங்கன்னா உங்கள மன்னிச்சிருக்க மாட்டேன்," என்றாள், பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே. "சொன்னதுக்கும் இன்னும் மன்னிக்கல." ஜிப் பாதியில் சிக்கியது. சரிசெய்து இழுத்தாள். "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"வாங்க, வழியில சாப்பிடலாம்."

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் ஒரு நீளமான உறை வந்தது. மருந்துகளால் வரும் தொந்தரவுகளைச் சேகரிக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு படிவம். டாக்டரம்மா தன் பங்கை எழுதி அனுப்பியிருந்தார். குடும்பத்தார் பங்கு தனியாக வேண்டுமாம். அவன் நிரப்புகிறேன் என்றான். "நீங்க அங்க இல்லையே," என்று சொல்லி அவள் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினாள். அவன் கடுகைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். தெருச் சத்தம் உள்ளே வந்தது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினாள். 'உடனே தெரிவித்தீர்களா' என்ற இடத்தில் 'இல்லை, மறைத்தேன்' என்று எழுதினாள். 'குழந்தையின் தற்போதைய நிலை' என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: குணமடைந்தது, தொடர்கிறது, தெரியவில்லை, இறந்துவிட்டது. முதல் கட்டத்தில் குறி போட்டாள். பேனா கடைசிக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நகர்ந்தது.

கடைசிப் பக்கத்தில் 'குடும்பத்தில் வேறு குழந்தைகள்' என்று ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். அவள் எழுதத் தொடங்கியதை அவன் அவள் தலைக்கு மேலாகப் பார்த்தான். 'ஒரு பெண். மூன்று ஆண்டுகளுக்கு முன்...' கோடு முடிந்தது; ஓரத்தில் எழுதினாள். ஓரமும் முடிந்தது, தாளைத் திருப்பினாள், பின்பக்கம் அச்சடித்திருந்தது.

"பேப்பர் இருக்கா?" என்றாள்.

அவன் ஒரு கையால் பையனைப் பிடித்தபடி, கருவிப் பையிலிருந்து வேலைக் குறிப்பேட்டை எடுத்து நாலைந்து தாள்களைக் கிழித்துக் கொடுத்தான்.

"அன்னைக்குச் சாயங்காலம் நான் சொன்னதையும் எழுதப்போறியா?" என்று கேட்டான்.

அவள் நிமிர்ந்தாள். "எழுதவா?"

"எழுது."

அவள் தாள்களை நேராக அடுக்கி, மேலே இருந்ததில் எழுதத் தொடங்கினாள். கடுகு அவன் தோளில் தூங்கிப்போயிருந்தான். அவன் நடப்பதை நிறுத்தாமல், பையனின் முதுகில் கை வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே கூடத்தில் போய் வந்துகொண்டிருந்தான்.